கால் ஊன்றும்வரை

காலையில் லிப்ட்காரன் வந்து பார்த்தபோது, மாமனாரின் மீன் தொட்டியில், பூ மாதிரி இழை விரிக்கும் உயிரியான கடல் சாமந்தி தன் பாறையில் இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும், தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் அலை மோட்டாரின் வாய்க்கும் நாலு விரல் இடைவெளிதான். நேற்று சாயங்காலம் ஒரு சாண் இருந்தது.

முதலில் மோட்டாரின் சுவிட்சை அணைத்தான். பிறகுதான் செருப்பைக் கழற்றினான்.

"என்ன மாப்பிள்ள, என் சக்களத்தி ஊர்வலம் கிளம்பிட்டாளா?" சமையலறையிலிருந்து மாமியார் கேட்டாள். ஒன்பது வருஷமாக அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. கட்டின பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியைப் பார்க்கிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறு என்ன பெயர் வைப்பாள்?

"ஊர்வலம் இல்ல அத்தை. தற்கொலைக்குப் போகுது."

மாமனார் ஆஸ்பத்திரியில் கவிழ்ந்து கிடந்தார். வலது கண்ணில் விழித்திரை பிரிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். குமிழி மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். ஏழு நாள். இது மூன்றாம் நாள். எழுந்து நடமாடினால் கண் போய்விடும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இடது கண் ஏற்கெனவே பாதிதான். துணைக்கு மகள், அதாவது லிப்ட்காரனின் மனைவி, அங்கேயே இருந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமனார் அவனை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் இந்தத் தொட்டி. அதையும் முழுசாக ஒப்படைக்கவில்லை. "பாத்துட்டு மட்டும் இருங்க. கைய விடாதீங்க," என்றார்.

"அவர்கிட்ட கேட்டுரலாமா?" என்றான் லிப்ட்காரன்.

"கேட்டா அடுத்த அரை மணி நேரத்துல கண்ணுல கட்டோட வாசல்ல வந்து நிப்பாரு. அந்தத் தொட்டிக்குள்ள தலைய விட்டுத் துழாவிட்டு, கண்ணும் போச்சுன்னு உக்காந்திருப்பாரு. அப்புறம் காலம் பூரா யார் கையப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறது? நீங்களா?"

மோட்டாரை நிறுத்தியே வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. அசையாத தண்ணீரில் மீன்கள் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு மேலே வந்து வாயைப் பிளக்கும். மோட்டாரைப் போட்டால் சாமந்தியை உறிஞ்சி அரைக்கும். அரைபட்ட உடம்பிலிருந்து கசியும் விஷம் ஒரே நாளில் தொட்டி முழுவதையும் கொன்றுவிடும். அதன்பின் எத்தனை பேர் பிடித்தாலும் மாமனார் கட்டிலில் கிடக்க மாட்டார்.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"இழுத்துராதீங்க சார்," என்றார் அவர் எடுத்த எடுப்பில். "எல்லாரும் பண்ற தப்பு அதுதான். ஒட்டிப் பிடிக்கிற அதோட பாதம் கிழிஞ்சா அழுகிரும். கண்ணாடியிலதான இருக்கு? நல்லதாப் போச்சு. வெளிப்பக்கம் ஐஸை வச்சு அழுத்திப் பிடிங்க, குளிருக்குப் பிடி தளரும். உள்ளே ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டு. அதால பாதத்தோட ஓரத்த நெம்பக் கூடாது, தடவணும். தோசைய எடுக்கற மாதிரி இல்ல, ஸ்டாம்ப ஒட்டின கவர்லருந்து உரிக்கிற மாதிரி. கையுறை போட்டுக்குங்க. தண்ணிக்குள்ளயே ஒரு கிண்ணத்துல பிடிங்க, வெளிய தூக்காதீங்க. தொடுறதுக்கு முன்னாடி மோட்டார் எல்லாத்தையும் நிறுத்திருங்க."

எல்லாத்தையும் என்றதும் லிப்ட்காரனின் கை தானாகத் தன் வேலைப் பைக்குள் போயிற்று. லிப்ட் ரிப்பேர் வேலையில் எல்லாத்தையும் என்றால் மெயின். மெயினை இறக்கி, அதில் பூட்டு மாட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டியவன்தான் திறக்க வேண்டும். அவனோடு வேலை பார்த்த ஒருவன் பூட்டாமல் லிப்ட் குழிக்குள் இறங்கினான். யாரோ ஒரு புண்ணியவான் சுவிட்சைப் போட்டான். அவனுக்கு இப்போது இடது கையில் இரண்டே விரல்.

அவன் சிவப்புப் பூட்டை மெயின் பெட்டியில் மாட்டியபோது மின்விசிறி சுழன்று நின்றது. ப்ரிட்ஜ் அடங்கியது.

"மீன் தொட்டிக்கு வீட்டையே பூட்டுறீங்களே, மாப்பிள்ள."

"பழக்கம் அத்தை."

மாமியார் வெளியிலிருந்து ஐஸ் பையைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். அவன் நாற்காலியில் ஏறித் தோள்வரை கையை விட்டான். சாமந்தியின் இழைகளுக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் இரண்டும் உடனே சண்டைக்கு வந்தன. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கையுறைக்கு மேலே, முழங்கைக்குப் பக்கத்தில் நறுக் நறுக்கென்று கடித்தன.

நேரம் நகர மறுத்தது. கார்டை ஓரத்தில் வைத்து ஒரு நெல்லளவு தடவுவான். சாமந்தி சுருங்கும். காத்திருப்பான். அது இளகும். மறுபடி ஒரு நெல்லளவு. மாமியாரின் விரல்கள் ஐஸில் விறைத்து வெளுத்தன. அவள் கையை மாற்றிக்கொண்டாளே தவிர, பையை எடுக்கவில்லை. பாதத்தில் முக்கால்வாசி விட்டுக்கொடுத்திருந்தபோது போன் அடித்தது.

"அவருதான்," என்றாள்.

"எடுக்காதீங்க."

"எடுக்கலன்னா சந்தேகப்படுவாரு." ஒரு கையால் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூலில் வைத்தாள். "சொல்லுங்க."

"தொட்டி எப்படி இருக்கு?" தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல்.

"தொட்டிக்கு என்ன கேடு? நான் எப்படி இருக்கேன்னு கேக்கத் தோணுதா உங்களுக்கு?"

அந்த நேரத்தில் பாதத்தின் கடைசி ஓரமும் விட்டது. சாமந்தி கண்ணாடியிலிருந்து கழன்று, அவன் இடது கையில் பிடித்திருந்த கிண்ணத்தின் விளிம்பில் தொங்கியது. அவன் மூச்சு விட்டான்.

விர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது.

தொட்டியின் பின்மூலையில், இத்தனை நாள் பாறையின் முண்டு என்று அவன் நினைத்திருந்த ஒன்று நடுங்கியது. மேலெல்லாம் இளஞ்சிவப்புப் பாசி படிந்து கல்லோடு கல்லாக இருந்தது அது. தண்ணீர் அந்தப் பக்கமாக இழுத்தது. சாமந்தி கிண்ணத்திலிருந்து வழுக்கி, இழைகளை முன்னால் நீட்டிக்கொண்டு அதை நோக்கிப் போயிற்று.

யோசிக்க நேரமில்லை. கார்டை விட்டுவிட்டு வலது கையால் அந்த முண்டின் வாயை அடைத்தான். கையுறையைக் கவ்வி உள்ளே இழுத்தது. சாமந்தியின் ஒரு கொத்து இழைகள் விரலிடுக்கில் புகுந்து அறுந்தன.

"அங்க என்ன சத்தம்?" போனில் குரல் மாறியிருந்தது.

"ப்ரிட்ஜு," என்றாள் மாமியார்.

மாமனார் முப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். "எந்த ப்ரிட்ஜு இப்படிக் கத்தும்? அது என் பின்பக்க மோட்டார். கரண்டு போயி பத்து நிமிஷம் ஆனா பேட்டரியில அது தானா ஓடும். கரண்டு இல்லையா? யாரு உள்ள கைய விட்டது?"

கட்டில் கிறீச்சிட்டது. "அப்பா, எந்திரிக்காதீங்கப்பா! அப்பா!" என்று அவன் மனைவி கத்துவது கேட்டது.

இனி மறைப்பதில் ஒன்றுமில்லை.

"மாமா, நான்தான்!" லிப்ட்காரன் கத்தினான். "சாமந்தி மோட்டார்கிட்டப் போயிருச்சு, அதான் கழட்டினேன். இப்ப மிதக்குது. மோட்டார் வாயை என் கை அடைச்சிருக்கு. நீங்க எந்திரிச்சா எனக்கு இன்னொரு கை முளைக்காது. எப்படி நிறுத்தறதுன்னு மட்டும் சொல்லுங்க!"

கட்டில் இன்னொரு முறை கிறீச்சிட்டு அடங்கியது.

"மெயினப் போடுங்க," என்றார். "கரண்டு வந்தா தானா நிக்கும். அந்தப் பேட்டரிப் பெட்டிக்கு நான் சுவிட்ச் வைக்கல."

மெயினில் பூட்டு. சாவி அவன் பேண்ட் பாக்கெட்டில். இரண்டு கையும் தண்ணீரில்.

"அத்தை, வலது பாக்கெட்டு."

"மாப்பிள்ள பாக்கெட்டுல நான் கைய விடறதா?"

"விடுங்க அத்தை!"

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விட்டாள். முதலில் ஒரு திருப்புளி வந்தது, அப்புறம் பாதி மிட்டாய், கடைசியில் சாவி. ஓடினாள். பூட்டு திறந்து தரையில் விழுந்தது.

"போடட்டுமா?"

கை உள்ளே இருக்கும்போது வேறொருவர் மெயினைப் போடுவது. அவன் தொழிலில் செய்யவே கூடாது என்று இருப்பது அந்த ஒன்றுதான். கிண்ணத்தை உடம்போடு சேர்த்துச் சாமந்திக்குக் குறுக்கே வைத்தான். கைக்கு அடியில் மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தது.

"போடுங்க."

மின்விசிறி அசைந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைக்கு அடியில் அதிர்வு நின்றது.

சாமந்தியைக் கிண்ணத்தில் வாங்கி, தண்ணீருக்குள்ளேயே நகர்த்தி, பழைய பாறையின் பள்ளத்தில் கவிழ்த்தான். மேலே காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, ஓடிவிடாமல் ஒரு கல்லை வைத்தான். அலை மோட்டாரை ஆகக் குறைந்த வேகத்தில் போட்டான். அப்புறம்தான் நாற்காலியிலிருந்து இறங்கினான்.

"அவரு எந்திரிச்சாரா?" போனைப் பார்த்துக் கேட்டான்.

"முழங்கை ஊனினாரு," என்றாள் மனைவி. அழுதிருந்தாள். "நீங்க கத்தினதும் கட்டில் கம்பியப் பிடிச்சிட்டு அப்படியே கவுந்துட்டாரு. முகம் திரும்பல. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"எத்தனை இழை போச்சு?" என்றது தலையணைக் குரல்.

கொஞ்சம்தான் என்று சொல்ல வாயெடுத்தான். கையுறையில் ஒட்டியிருந்ததை எண்ணினான். "பதினாலு."

"பாதம்?"

"கிழியல."

"ஒட்டிருச்சா?"

"இல்ல. சுருண்டு கிடக்கு."

"அரை மணிக்கு ஒரு தடவ சொல்லுங்க. உள்ளத உள்ளபடி."

சொன்னான். பத்து மணிக்கு ஒட்டவில்லை. பதினொன்றுக்குப் புரண்டு கிடந்தது, வாய் பிளந்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்றான். அதையும் அப்படியே கேட்டுக்கொண்டார். பன்னிரண்டரைக்குப் பாதத்தின் ஒரு ஓரம் கல்லைத் தடவியது. மாமியார் சோற்றைத் தட்டில் போட்டுத் தொட்டிக்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

இரண்டு மணிக்குக் கூடையை எடுத்துவிட்டு, கிண்ணத்தால் தண்ணீரை அதன்மேல் வீசிப் பார்த்தான். இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பாதம் அசையவில்லை. கோமாளி மீன் ஒன்று ஓரமாக வந்து, உடம்பை அதில் தேய்த்து, உள்ளே நுழைந்தது.

"ஒட்டிருச்சு மாமா."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல."

"அத்தைகிட்டக் குடுங்க."

மாமியார் போனை வாங்கினாள். தொட்டியை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். "பொழச்சுட்டா உங்க ஆளு. தலையில கொஞ்சம் முடி கொட்டியிருக்கு, அவ்வளவுதான். பேசாம கவுந்து படுங்க."

லிப்ட்காரன் குனிந்து தரையில் கிடந்த பூட்டை எடுத்துப் பையில் போட்டான். அப்புறம் மாமனாரின் ரிப்பேர் மேசையிலிருந்து ஒரு சுவிட்சைத் தேடி எடுத்துக்கொண்டு, பேட்டரிப் பெட்டியைத் திறந்தான்.