தண்ணீர் ஒத்துக்கொள்ளாத பெட்டி

வேலுமணி பிரிட்ஜைத் திறந்து ஒரு கலர் சோடா பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். சூடு என்று சொல்ல முடியாது; குளிர்ச்சி என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். படகின் வால்பக்கம் ஜெனரேட்டர் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் உறுமுவதும் காதில் விழுந்தது. பிறகு என்னதான் கேடு?

அமராவதி அணை ததும்பி நின்றது. நாளை மறுநாள் ஆடிப்பெருக்கு. திருப்பூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஜனங்கள் கட்டுச்சோற்றோடு வந்து இறங்குவார்கள். படகில் ஒரு சுற்று, நடுத்தண்ணீரில் ஜில்லென்று ஒரு கலர். இந்த யோசனையை நம்பித்தான் மச்சான் ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனியில் பார்த்த நிட்டிங் மிஷின் பிட்டர் வேலையை உதறிவிட்டுப் படகைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். பிரிட்ஜ் மட்டும் அவனுடையதல்ல. அது மனைவி பழனியம்மாளுக்கு அவள் அப்பன் கொடுத்த சீர். அதைப் படகில் ஏற்றப் போவதாக அவன் சொன்ன அன்று அவள் சண்டை போடவில்லை. அண்ணன் கம்பெனியில்தான் அவளும் டெய்லர். ஓவர்லாக் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏனுங்க, மொதலைப் பண்ணைக்குப் பக்கத்துல போயி மொதலைங்களுக்கா கலர் விக்கப் போறீங்க?"

"சனங்களுக்குப் புள்ள."

நூலை அறுத்து, துணியைத் திருப்பி, இன்னொரு பக்கம் ஓட்டி முடித்தாள். அப்புறம் சொன்னாள்: "செரி. ஆடிப் பதினெட்டுக்குள்ள பொட்டி குளுந்துச்சுன்னா நானும் இங்க வேலைய உட்டு நின்னுட்டு அங்கயே வந்தர்றனுங்க. குளுரலீன்னா பொட்டியத் தூக்கிட்டு நீங்க ஊடு வந்து சேருங்க. அப்பறம் அண்ணன் கம்பெனி வேண்டாம்னு ஒரு பேச்சு பேசக்கூடாது."

அந்தக் குரலில் வருவதற்கு ஆசை இருந்ததா, வராமலிருக்க வழி இருந்ததா என்று வேலுமணிக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள் திருப்பூர் லைன் வீட்டில். அவன் அணைக்குக் கீழே ஒற்றை அறையில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவாள். "டீவியில படத்தைக்கூட உட்டுட்டு வர்றன்" என்று சொல்லிக்கொண்டேதான் பரிமாறுவாள்.

அவனும் பார்க்காத பார்வை இல்லை. வோல்டேஜைப் பார்த்தாயிற்று. கதவு ரப்பரில் காகிதத்தைச் சொருகி இழுத்துப் பார்த்தாயிற்று, இறுக்கமாகத்தான் இருந்தது. வெயில் படாமல் மேலே தார்ப்பாய் கட்டினான். உடுமலைப்பேட்டையிலிருந்து மெக்கானிக் பொன்னுச்சாமியைக் கூட்டி வந்தான். அவர், படகில் அதைச் சுற்றி அடித்திருந்த பலகைக் கூட்டிலிருந்து பிரிட்ஜை வெளியே இழுத்து, கரைக்குத் தூக்கிப் போய் ஓட்டிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் தட்டு நிறையப் பனிக்கட்டி. மறுபடி படகில் ஏற்றினார்கள். மறுநாள் பார்த்தால் பச்சைத் தண்ணீர். அவர் திரும்ப வந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கேஸ் இருக்குது, கம்ப்ரசர் ஓடுது, கரண்டு வருது. பொட்டிக்குத் தண்ணி ஒத்துக்கலீங்க மாப்பிள்ளை. எங்க மாமனாருக்கு வெளியூருத் தண்ணி சேராதாட்ட."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா."

"கிண்டலில்லீங்க. இதுக்கு மேல மந்திரிச்சுக் கயிறுதான் கட்டோணும்."

நிட்டிங் மிஷினில் துணி ஓட்டை விழுந்தால் எங்கோ ஓர் ஊசி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். தேடினால் கிடைத்துவிடும். இதில் ஊசியே இல்லாமல் ஓட்டை விழுகிறது. அலை ஆட்டத்தால் இருக்குமோ என்று படகை அசையாமல் கட்டிப் போட்டுக்கூடப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் பஸ் வர இன்னும் நேரமிருந்தது. பாட்டில் திறக்கும் சாவி கை தவறிப் பலகைக் கூட்டின் பின்னால் விழுந்தது. இடுக்கில் கையை விட்டவன் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவன்போல உதறி எடுத்தான்.

மறுபடி மெதுவாகத் தொட்டுப் பார்த்தான். மெத்தை. பனியன் வேஸ்ட் துணியை அடைத்துத் தைத்த மெத்தைகள். படகு ஆடும்போது அப்பன் கொடுத்த பெட்டி பலகையில் உரசிச் சிராய்த்துவிடும் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே பழனியம்மாள் கொண்டுவந்து, கூட்டின் உள்பக்கம் சுற்றிலும் ஆணி அடிக்க வைத்தது. அடித்தவன் அவன்தான். திருப்பூரில் தலையணைக்கும் வேஸ்ட், ஜன்னல் இடுக்குக்கும் வேஸ்ட், கிரீஸ் துடைக்கவும் வேஸ்ட். அங்கே பிறந்தவன் கண்ணுக்கு அது ஒரு பொருளாகவே படுவதில்லை. பிரிட்ஜ் உள்ளேயிருந்து இழுக்கிற சூடெல்லாம் பின்பக்கத்துக் கறுப்புக் கம்பி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தக் கம்பிக்கு இத்தனை நாளும் போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். பிரிட்ஜ் கரைக்குப் போனபோது மெத்தைகள் பலகையோடு படகிலேயே இருந்துவிட்டன.

வேலுமணி தனியாகச் சிரித்தான். மெத்தைகளைப் பிய்த்துக் கரையில் போட்டான். பிரிட்ஜை முன்னால் இழுத்துக் காற்றுக்கு வழி விட்டான். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பனித்தட்டைத் தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் ஒரு நினைப்பு வந்து சிரிப்பு நின்றது. லைன் வீட்டில் இதே பெட்டியை அவன் சுவரோடு ஒட்டித் தள்ளியபோது, "ஒரு சாண் தள்ளி வைங்க" என்று கத்தியவள் அவள்தான். எதற்காகச் சொன்னாள்? பின்னால் கூட்டிப் பெருக்கவா, காற்றுப் போகவா? காற்றுக்கென்றால், இங்கே எப்படி மறந்தாள்?

ஒரு மெத்தையை எடுத்துப் புரட்டினான். மூலை மடித்து, பிசிறு வெளியே வராமல், இரட்டைத் தையல். கெடுக்க நினைக்கிறவள் இவ்வளவு பாங்காகத் தைப்பாளா? இங்கே வர மனமில்லாதவள் காற்றுப் புகாமல் வேறு எப்படித்தான் தைப்பாள்?

"ஏனுங்க, கழட்டிப் போட்டுட்டீங்க?"

தூக்குப்போசியோடு அவள் கரையில் நின்றிருந்தாள்.

"காத்துப் போகோணும் புள்ள. சூடு உள்ளயே அடைஞ்சு போயித்தான் குளுராம இருந்துருக்குது."

அவள் மெத்தைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "அப்ப நாந்தான் கெடுத்தனாக்கும்?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்லாட்டிப் போகுது. மூஞ்சி சொல்லுதுங்களே."

தெரிஞ்சுதான் வெச்சயா என்று கேட்டுவிடலாமா என்று பார்த்தான். ஆமாம் என்றால் என்ன செய்வது? இல்லை என்றால், கேட்டதை என்ன செய்வது?

"சோத்துக்கு என்ன?" என்றான்.

"பச்சைப்பயிறு கடைஞ்சனுங்க."

அவள் போசியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படகில் காலை வைத்தாள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பிரிட்ஜின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவைத் திறந்து, பனித்தட்டு இருந்த அறைக்குள் கையை முழங்கை வரை விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திறந்த கதவு வழியே குளிர் புகையாக இறங்கி அவள் மடியில் கரைந்தது. கதவைச் சாத்து புள்ள என்று சொல்ல வாயெடுத்தவன் போசியைப் பலகையில் இறக்கி வைத்தான். அவள் கையிலிருந்த கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாகப் பனித்து, பச்சை எது, சிவப்பு எது என்று தெரியாமல் வெளுத்துக்கொண்டிருந்தன.