ஒரு மாத்திரை மிச்சம்

என் வீட்டுக்காரர் குடியை விட்டு ஏழு மாசம் ஆச்சு. விட வச்ச டாக்டரம்மாதான் தூக்க மாத்திரையும் எழுதினாங்க. கொள்ளிக்கட்டையால தலையைச் சொறிஞ்ச கதையா ஆயிடக் கூடாதுன்னு வாரத்துக்கு ஏழே ஏழு, அதுவும் என் கையில. தினம் படுக்கப் போறப்ப நான் ஒண்ணு கொடுக்கணும். வாரக் கடைசியில காலி அட்டையை நர்ஸ்கிட்ட காட்டணும். கணக்கு தப்பினா தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கே வந்து நர்ஸ் முன்னாடி முழுங்கணும். வெல்டிங் பட்டறையில இப்பத்தான் சாயங்கால ஷிஃப்ட்ல திரும்பச் சேர்த்திருக்காங்க. அந்த வேலை போச்சுன்னா மனுஷன் மறுபடி எங்க போய் நிப்பாருன்னு எனக்குத் தெரியும்.

இன்னிக்கு நர்ஸ் அட்டையைத் திருப்பிப் பார்த்தாங்க. "ஒண்ணு மிச்சம் இருக்கே?"

அட்டையை வாங்கி நானும் தடவிப் பார்த்தேன்.

"சேர்த்து வச்சு மொத்தமா முழுங்கறவங்களை நிறையப் பார்த்தாச்சும்மா," என்றார் நர்ஸ். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுட்டார். எனக்கு வந்துச்சே கோபம். குறைஞ்சாலும் குத்தம், மிஞ்சினாலும் குத்தமா? மாத்திரையைப் பூட்டி வச்ச பீரோ சாவி என் இடுப்புல, இவர் எங்கிருந்து சேர்ப்பார்? சண்டைக்கு வாயைத் திறந்தவ, விரல் விட்டு நாளை எண்ணினேன். புதன்கிழமையில நின்னுடுச்சு விரல்.

நேரா டாக்டரம்மா அறைக்குள்ள போனேன். இவரும் நர்ஸும் பின்னாடியே வந்தாங்க. "தப்பு என்னோடதுங்க. புதன்கிழமை நாள் முழுக்க நின்னுக்கிட்டே இஸ்திரி போட்டேன். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற இவருக்காகக் காத்திருந்தவ அப்படியே தூங்கிட்டேன். மாத்திரை கொடுக்கவே இல்லை."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வச்சாங்க. இவரைப் பார்த்து, "அன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டாங்க.

இவர் யோசிச்சார். "வந்தேன். இவ உட்கார்ந்தபடியே தூங்கிட்டிருந்தா. எழுப்ப மனசு வரலை. கொஞ்ச நேரம் கழிச்சு எழுப்பிக் கேக்கலாம்னு பக்கத்துல சாஞ்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... விடிஞ்சிடுச்சுங்க."

பதினொரு வருஷம். பாட்டிலோ மாத்திரையோ இல்லாம ஒரு நாள்கூட கண்ணை மூடாத மனுஷன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைச்சுது, வாயைப் பொளந்துக்கிட்டு என்னைப் பார்க்கறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்துச்சு. நர்ஸ்கூட சிரிச்சுட்டாங்க.

"நீங்களா நிறுத்திடக் கூடாது," என்றபடி டாக்டரம்மா சீட்டை எழுதினாங்க. "படிப்படியாத்தான் குறைக்கணும். இந்த வாரத்துலேர்ந்து பாதிப் பாதி."

வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே இவர் மெதுவா கேட்டார்: "இன்னிக்கும் நீ எனக்கு முன்னாடி தூங்கிடறியா?"