மூன்று கைதட்டல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை மறைத்துக்கொண்டு சாதுவாகக் கதை சொல்ல எனக்கு வராது. பெயர் சகாயமேரி. கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் பதினோரு வருஷமாக விளையாட்டு ஆசிரியை. பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தரப் போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. ஐந்தாவது வருஷம் மாவட்டக் கோப்பையோடு வந்து இறங்கியதும் அதே ஊர் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

பயிற்சி நன்றாக இருந்ததால் ஜெயித்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். திங்கட்கிழமைப் படியால் ஜெயித்தோம் என்று நான் சொன்னேன். அந்தப் படி என்னுடைய கண்டுபிடிப்பு. ஆட்டத்தில் தோற்றால், திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும், யாரால் தோற்றோமோ அந்தப் பிள்ளை கொடிமேடைப் படியில் ஏறி, ‘தோல்வி என்னால்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பள்ளி முழுக்க மூன்று முறை கை தட்டும். அதோடு விஷயம் முடிந்தது. அதன்பிறகு வகுப்பிலோ பஸ்ஸிலோ யாரும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. காரணம் சொல்லக் கூடாது. மழை பெய்தது, பந்து வழுக்கியது, ரெஃப்ரி பார்க்கவில்லை என்று யாராவது ஆரம்பித்தால் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வேன். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைத்தான் சொல்கிறோம், சாக்குச் சொல்வதில்லையே என்று எனக்கு ஒரு நியாயம். ஆண்டு விழாவில் தாளாளர் ஃபாதர் இதை மேடையிலேயே பாராட்டினார். எங்கள் பெண் வீட்டில்கூடச் சாக்குச் சொல்வதில்லை என்று பெற்றோர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பதினோரு வருஷத்தில் நான் ஒருமுறைகூட அந்தப் படியில் ஏறியதில்லை. ஏறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கவிப்பிரியா ஒன்பதாம் வகுப்பு, எங்கள் கோல்கீப்பர். அப்பா பச்சியப்பன் தக்காளியும் மரவள்ளியும் வைத்திருக்கிறார். சந்தைக்குப் போன வேன் திரும்பியதும், மேலே நின்று அவர் வீசும் காலித் தக்காளிப் பெட்டிகளைக் கீழே நின்று பிடித்துப் பழகிய கைகள் அவளுக்கு. பந்து அந்தக் கைக்குள் வந்தால் வெளியே போகாது. அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

செப்டம்பரில், காலாண்டு விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை, அரூரில் இறுதி ஆட்டம். முதல் பாதியில் மிக அருகிலிருந்து அடித்த பந்து கவிப்பிரியாவின் முகத்தில் பட்டது. விழுந்தாள், எழுந்தாள், கையைத் தூக்கி ஆடுகிறேன் என்று காட்டினாள். நானும் கை தட்டினேன். ஆஃப் டைமில் மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தனியாக என்னிடம் வந்தாள்.

“மிஸ், எடது கண்ணுல மின்னி மின்னி வருதுங்க. ஓரமாக் கருப்பா இருக்கு.”

“கோல் வாங்கறதுக்கு முன்னாடியே காரணமா?” என்றேன். “மூஞ்சியக் கழுவிட்டுப் போய் நில்லு.”

அவள் கழுவிக்கொண்டு போய் நின்றாள். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரிகிறது.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் அவளுக்கு இடப்பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. உருண்டுதான் வந்தது. வலைக்குள் போனபிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு கோலில் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில், விடுமுறை முடிந்து வந்ததும் படி ஏறிக்கொள் என்று அவளிடம் சொன்னேன். சரிங்க மிஸ் என்றாள்.

ஆறு நாள் அவள் வீட்டிலும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுவதைப் பார்த்து அவள் அம்மாதான் சந்தேகப்பட்டிருக்கிறார். தருமபுரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பி, ஆபரேஷன் நடந்தது. உள்ளே விழித்திரை கிழிந்து பிரிந்துவிட்டதாம். அடிபட்ட அன்றோ மறுநாளோ கூட்டி வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

பச்சியப்பன் பள்ளிக்கு வந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், நானும் திருப்பிப் போட்டிருப்பேன். அவர் ஃபாதரின் அறையில் நாற்காலியில்கூட உட்காராமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“டீச்சருங்க, பாப்பா உங்ககிட்ட ஒரு வார்த்தகூடச் சொல்லலீங்களா? வூட்ல கேட்டா, காரணம் சொல்லக் கூடாதுப்பாங்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க.”

ஃபாதர் என்னைப் பார்த்தார். சொல்லவில்லை என்றேன்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால் என்னிடம் காரணங்கள் இருக்கின்றன. வேலை போய்விடும் என்ற பயம். அணியைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயம். பதினோரு வருஷம் கட்டியது ஒரு நாளில் போய்விடுமே என்ற பயம். பிள்ளைகளுக்கு ஒன்றுகூடக் கூடாது என்றவளுக்கு எத்தனை பாருங்கள். ஃபாதர் கெட்டவர் இல்லை. இரண்டு முறை சேலத்துக்குப் போய் அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வந்தவர். ஆனால் விளக்கம் கேட்டிருந்த கல்வி அலுவலகத்துக்குப் பதில் அனுப்ப வேண்டியிருந்தது. மாணவி தனக்கு ஏற்பட்ட காயத்தை ஆசிரியையிடம் தெரிவிக்காமல் மறைத்துவிட்டார் என்று டைப் அடித்து என் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு பயிற்சிக்குப் போவேன், விசில் ஊதுவேன், வீட்டுக்கு வருவேன். கோயிலில் மற்றவர்களோடு நற்கருணை அப்பம் வாங்கப் போகாமல் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். கால் வலி என்று சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை கவிப்பிரியா வந்தாள். பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை. யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் மட்டும் கழுத்தையே முழுக்கத் திருப்பினாள். ஜெபம் முடிந்தது. நான் படியை மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை. வரிசையிலிருந்து தானாகவே வெளியே வந்து, படியின் விளிம்பைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறி நின்றாள்.

“தோல்வி என்னால்,” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, “கண்ணு போனதும் என்னாலதான்,” என்றாள்.

பள்ளி மூன்று முறை கை தட்டியது. நானும் தட்டினேன். கை தானாகத் தட்டியது. பக்கத்தில் நின்ற ஃபாதர் மெல்லக் குனிந்து, பார்த்தீர்களா மிஸ், அந்தப் பெண்ணே சொல்லிவிட்டது, இனிமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றார். அவர் குரலில் அத்தனை நிம்மதி.

பதினான்கு வயதுப் பெண் தன் கண்ணைக் கொடுத்துவிட்டு, அதற்கும் நான்தான் பொறுப்பு என்று சொல்லி இறங்கிப் போகிறாள். ஒரு சாக்கு இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. நான் பாடுபட்டு வளர்த்தது இதைத்தான். அவ்வளவு கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அது முதல்முறையாகச் சரியான ஆள்மேல் வந்தது.

நான் போய்ப் படியில் ஏறினேன். அங்கே நின்றால் எண்ணூறு முகங்களும் தன்னையே பார்ப்பது தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“தோல்வி என்னால்,” என்றேன். “இன்னிக்கு நான் காரணமும் சொல்லப் போறேன். ஆஃப் டைம்ல கவிப்பிரியா...”

ஃபாதர் கை தட்டினார். ஒன்று. எண்ணூறு பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். இரண்டு. மூன்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தட்டப் பழக்கியது நான். மூன்றாவது தட்டு முடிந்ததும் மைதானமே அமைதியாகிவிட்டது. இனி யாரும் பேசக் கூடாது. அதுவும் நான் போட்ட சட்டம். வகுப்புக்குப் போகலாம் என்று ஃபாதர் கையைக் காட்டினார். டிரம் அடிக்கத் தொடங்கியது. வரிசைகள் நகர்ந்தன. அப்படியே இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு வரிசை நகரவில்லை. முன்னால் கவிப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். அவள் என்னை வலது கண்ணால் பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ஃபாதரிடம் சொன்னாள்.

“ஃபாதர், மிஸ் இன்னும் முடிக்கலீங்க.”

டிரம் நின்றது. நான் ஆஃப் டைமிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

“கண்ணு தெரியலன்னு கவிப்பிரியா எங்கிட்டச் சொன்னா. நான்தான் கேக்கல. அப்புறம், அவ சொல்லவே இல்லன்னு கையெழுத்துப் போட்டேன்.”

யாரும் கை தட்டவில்லை.