பதினோராம் எண் சட்டை

ஆர்லிஸின் அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், சமையலறைக் கதவை ஒட்டிய நீள மேசையில், பத்துப் பேர் கொண்ட பழைய கூடைப்பந்து அணியில் மிஞ்சியிருந்த ஐந்து தோழிகளும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலி காலி. அடுத்தது ரோக்ஸேன். அவளுக்குப் பக்கத்தில் டார்லா, கைத்தடியை மேசை விளிம்பில் மாட்டியிருந்தாள். பிறகு மறுபடியும் ஒரு காலி நாற்காலி. அதைத் தாண்டி கோனி, ஜெனீவா. கடைசியில், கல்லூரிக் காலம் முழுவதையும் மாற்று ஆட்டக்காரியாகவே கழித்த பெக்கி. எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. எதிரே ஏதோ நடந்துகொண்டிருப்பது போலவும், இவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

ஆர்லிஸின் மகள் லோரி தன் அப்பா மெர்லை முழங்கையைப் பிடித்து அழைத்து வந்து அந்த முதல் நாற்காலியில் உட்காரவைத்தாள். ஐந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் மெர்ல்.

"ஒண்ணும் ஆகல. உக்காருங்க மெர்ல்," என்றாள் ரோக்ஸேன். "அது கோச்சு நாற்காலி. மிஸ் ஹேவர்காம்ப் உசுரோட இருந்தா இந்நேரம் உங்கள எழுப்பி ஓட விட்டிருப்பாங்க."

"கூடத்தச் சுத்தி பத்து ரவுண்டு," என்றாள் கடைசியிலிருந்து பெக்கி.

"உனக்கு எப்படிடி தெரியும்? நீதான் பெஞ்ச விட்டு எழுந்ததே இல்லையே," என்றாள் ரோக்ஸேன்.

மெர்ல் எழப்போனார். டார்லா ரோக்ஸேனைத் தாண்டிக் கைநீட்டி அவர் கையை அழுத்தினாள். அவர் உட்கார்ந்தார். எந்த இடத்தில் கூடினாலும் இவர்கள் பழைய ஆட்டக்கார பெஞ்சு வரிசையில்தான் உட்காருவார்கள் என்று ஆர்லிஸ் சொல்லியிருக்கிறாள். நடுவில் விட்டிருந்த நாற்காலி அவளுடையது. அதை அவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். பன்றித் தொடைக்கறி வைத்த பன், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, கேரட் துருவிப் போட்ட சிவப்பு ஜெல்லி. எந்தச் சாவுக்கும் இந்த ஊரில் இதுதான். போன மாதம் இன்னொரு வீட்டுச் சாவுக்கு இதே உருளைக்கிழங்கை ஆர்லிஸ் செய்து கொண்டுவந்து இதே மேசையில் வைத்தாள். அப்போதே அவளால் நிற்க முடியவில்லை.

"அப்பா, அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்றாள் லோரி.

"என்னது?" என்றாள் ரோக்ஸேன்.

லோரியே சொன்னாள். மாநிலப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துச் சாம்பியன் போட்டிக்கு, தொடக்க வருஷங்களையும் சேர்த்து, ஐம்பதாண்டு வரலாறு எழுதுகிறார்கள். அதையொட்டி, கல்லூரி தன் விளையாட்டரங்கத்தில் ஒரு கௌரவச் சுவர் வைக்கிறது. இறுதி ஆட்டத்தில் ஆர்லிஸ் எடுத்த இருபத்தாறு புள்ளிக்காக அவள் படமும் பித்தளைத் தகடும் அதில் வரும். குடும்பத்தின் சம்மதம் இந்த வாரத்துக்குள் வேண்டும். தகட்டில் எழுத்து வெட்டக் கொடுக்கிறார்கள்.

"இருபத்தாறா!" ரோக்ஸேனுக்குக் காப்பி புரையேறியது. அடக்க முடியாத சிரிப்பு. ஜெனீவாவும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டார்லா மேசைக்கு அடியில் யாரையோ உதைத்தாள். உதை மெர்ல் காலில் பட்டது.

அந்தச் சுவருக்கு விதை போட்டவர் அவர்தான். மருத்துவர் ஆர்லிஸின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டிய வாரத்தில், அவளுக்குத் தெரியாமல் கல்லூரிக்கு எழுதினார். அவள் ஜெயித்த காலத்தில் அந்தப் போட்டியை உடற்கல்வி ஆசிரியைகள் நடத்தினார்கள். பெண்கள் டோனட் விற்றுப் பெட்ரோல் போட்டார்கள். போன இடத்தில் மல்யுத்த மெத்தைகளை விரித்துப் படுத்தார்கள். பிற்பாடு ஆண்கள் போட்டியை நடத்தும் சங்கம் பெண்கள் போட்டியையும் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட வருஷத்தையே முதல் வருஷம் என்று வைத்துக்கொண்டது; அதற்கு முன் ஜெயித்தவர்கள் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் தொலைக்காட்சியில் முந்தைய சாம்பியன்களின் பட்டியல் ஓடும்போது ஆர்லிஸ் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவருக்குத்தான் ஆறாது. ஒரு சுவரில், ஓர் ஆணியில், அவள் பெயர் தொங்கினால் போதும் என்றிருந்தது.

கல்லூரியின் பதில் வந்தபோது முன்னறையில் போட்டிருந்த கட்டிலருகே நின்று அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "டார்லா வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். டார்லா ஒமாஹா நகரத்திலிருந்து கிளம்பிய அன்று பனிப்புயல், சாலையை மூடிவிட்டார்கள். சாலை திறந்து அவள் வந்து சேர்ந்தபோது கட்டில் காலி; விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

லோரி மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்து போனதும், மெர்ல் டார்லா பக்கம் திரும்பினார்.

"உன்கிட்ட என்னமோ கேக்கணும்னு இருந்தா."

"அவ எங்க கேப்பா? உத்தரவுதான் போடுவா." டார்லா பன்னைப் பிய்த்தாள். தின்னவில்லை. "விடுங்க மெர்ல். பேரு வரட்டும். நல்ல விஷயம்."

"புள்ளி இருபத்தாறு இல்லையா?"

ரோக்ஸேன்தான் பொறுக்கமுடியாமல் குனிந்தாள்.

"சட்டை ஒரு செட்டுதான், மெர்ல். வாலிபால் ஆடறதும் நாங்கதான், ஓடறதும் நாங்கதான், எல்லாத்துக்கும் அதே சட்டை. நம்பர் கிடையாது. மருந்துக்கடை வெள்ளை டேப்பக் கிழிச்சு முதுகுல ஒட்டிப்போம். ஆர்லிஸ் ஒண்ணு, டார்லா பதினொண்ணு. ரெண்டாவது பாதியில இவளுக்கு வேர்த்து ஒரு கோடு விழுந்துருச்சு."

"விழல. எதிர் டீம் நெட்டச்சி பிச்சு எடுத்தா," என்றாள் டார்லா.

"ஏதோ ஒண்ணு. அப்புறம் மைதானத்துல ரெண்டு ஒண்ணாம் நம்பர். புள்ளி எழுதினது ஒரு கணக்கு டீச்சர். முதுகப் பாத்தா ஒண்ணு; ஒண்ணுக்கு எழுதிட்டாங்க. அப்புறம் இவ போட்ட பத்துப் புள்ளியும் ஆர்லிஸ் கணக்குல."

"ஆர்லிஸ் போய்ச் சொன்னா," என்றாள் டார்லா மெதுவாக. "சண்டையே போட்டா. அந்த டீச்சரம்மா புஸ்தகத்த மூடி பைக்குள்ள வச்சுட்டாங்க. ஜெயிச்சது ஜெயிச்சதுதானே, யாரு போட்டா என்னன்னாங்க. வெளியில பனி வேற. மிஸ் ஹேவர்காம்ப் வண்டியக் கெளப்பிட்டாங்க. வழி பூரா ஆர்லிஸ் ஒரு வார்த்த பேசல. ஜெயிச்ச கப்பக் கூட மடியில வாங்கிக்கல."

"டேப் அனுப்பிச்சதச் சொல்லுடி," என்றாள் ரோக்ஸேன்.

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆர்லிஸ்கிட்டருந்து ஒரு வெள்ளை டேப் பார்சல் வரும். உள்ள ஒரு கடுதாசி கூட இருக்காது."

மெர்ல் அந்தப் பார்சல்களைத் தபால் நிலையத்துக்கு எடுத்துப்போயிருக்கிறார். டார்லாவின் முழங்காலுக்கு என்றுதான் நினைத்திருந்தார்.

"அதனால?" என்றாள் டார்லா. "எனக்கு ரெண்டு முழங்காலும் மாத்தியாச்சு, ஒரு காது கேக்கல. இனிமே நான் எந்தச் சுவத்துல தொங்கப் போறேன்? இத ஆர்லிஸ் வாங்கிட்டுப் போகட்டும். நான் சொல்றேன்ல. யாருக்கும் தெரியாது."

"உங்க அஞ்சு பேருக்கும் தெரியும்."

"இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் இருக்காது," என்றாள் பெக்கி. யாரும் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து ஒரு பெண்மணி காப்பிக் கூஜாவோடு வந்து, காலி நாற்காலிக்கு முன்னாலிருந்த கோப்பையிலும் ஊற்றிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மெர்ல் அடுப்படி மேசையில் உட்கார்ந்து எழுதினார். லோரி குளிர்பெட்டியில் இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஊரார் கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கு மட்டும் நான்கு பாத்திரம்.

"மின்னஞ்சல்ல ஒரு வரி போட்டா முடிஞ்சுதுப்பா. சரின்னு."

"சரின்னு எழுதல."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை எடுத்தாள். அவர் எழுத்து பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடியே இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரே அளவு சாய்வு.

*இருபத்தாறு புள்ளி என் மனைவி எடுத்ததல்ல. அதில் பத்து, பதினோராம் எண் ஆட்டக்காரியுடையது. அன்றைக்கே இதைத் திருத்தச் சொல்லி அவள் கேட்டாள். அணியில் இருந்த பத்துப் பேர் பெயரையும் ஒரே தகட்டில், ஒரே அளவு எழுத்தில் வெட்டுவதாக இருந்தால் எங்களுக்குச் சம்மதம். இல்லையென்றால் அவள் பெயர் வேண்டாம். பெயர்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.*

பெயர்கள் பெஞ்சு வரிசையில் இருந்தன. கல்யாணத்துக்கு முந்தைய பெயர்கள்.

லோரி நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லட்டும்."

"அப்ப அம்மாவுக்கு ஒண்ணுமே இருக்காதுப்பா. எங்கயுமே." அவள் குரல் உடைந்தது. "நீங்கதானே ஆசப்பட்டீங்க? நீங்கதானே முதல்ல எழுதினீங்க?"

"ஆமா. அவளக் கேக்காம எழுதிட்டேன்."

லோரி தாளை மேசையில் வைத்தாள். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே வயல் முழுக்கப் பனி. போன வருஷம் அறுத்த சோளத்தட்டையின் முனைகள் மட்டும் வரிவரியாகத் தெரிந்தன. திரும்பி வந்து, குனிந்து, பட்டியலில் ஓர் இடத்தில் விரல் வைத்தாள்.

"பெக்கி ஆன்ட்டியோட பழைய பேருல ரெண்டு 'டி' வரும்பா. கடைசியில."

"நிச்சயமா?"

"அம்மா சொல்லியிருக்காங்க."

அவர் அந்த ஒரு வரிக்காகப் புதுத்தாள் எடுத்து முழுவதையும் திரும்ப எழுதினார். தபால்காரி ரோண்டாவின் வண்டி பக்கத்துப் பண்ணை வாசலில் நிற்பதை லோரி ஜன்னலில் பார்த்துச் சொன்னாள்.

மெர்ல் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் செருகினார். பசையை நாக்கால் நனைத்து ஒட்டினார். தபால் தலை ஒட்டினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து, அனுப்புநர் முகவரி அச்சடித்த ஒட்டுச்சீட்டுத் தாளை எடுத்தார். ஏதோ தர்ம ஸ்தாபனம் வருஷந்தோறும் இலவசமாக அனுப்புவது. ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பறவை. மெர்ல், ஆர்லிஸ் ஜாடன் என்று இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கும். தாளில் இன்னும் நிறையச் சீட்டுகள் மிச்சமிருந்தன. ஒன்றை உரித்து உறையின் இடதுமூலையில் வைத்து, கட்டைவிரலால் ஓரம்வரை நீவிவிட்டார்.

மேல்கோட்டு போடாமலே வெளியே போய், சாலையோரத் தபால்பெட்டியில் வைத்து, எடுத்துப்போகத் தபால் இருக்கிறது என்று காட்டும் அதன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். ரோண்டாவின் வண்டி வந்து நின்றது. அவள் உறையை எடுத்தாள், மூலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். கொடியைக் கீழே இறக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.