நன்றி எழுதக் கூடாத பக்கம்

வாசல் கேட்டைப் பாதி சாத்தி, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள் அவள். வெளியே நாட்டாமை, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான். அவள் கணவரை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள்.

"எங்க வந்தே? அவரை ஓரங்கட்டினியே, அது பத்தாதா?"

"அண்ணி, ஒரு நிமிஷம்..."

"அண்ணியாம் அண்ணி!"

நாட்டாமை என்பது அவள் கணவர் வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் விதி பேசுவான். லிஃப்ட் மெக்கானிக்கான அவரும் இவனும் சேர்ந்துதான் அந்த இணையதளத்தைத் தொடங்கினார்கள். மிக்ஸி, மின்விசிறி, வாஷிங் மெஷின் என்று எது மக்கர் செய்தாலும் வீட்டிலேயே சரிசெய்ய வழி சொல்லும் தளம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், காசு கிடையாது. ஆனால் எழுதியதை வேறு இரண்டு பேர் பார்த்து 'சரி' அழுத்தினால்தான் பக்கத்தில் ஏறும். கரண்ட் விஷயமாயிற்றே, ஒருவன் தப்பாக எழுதினால் இன்னொருவன் கை கருகும் என்பார். பழுதுக்கு உதவாத வரி ஒன்றைக்கூட விட்டுவைக்க மாட்டார். 'நன்றி ஐயா' என்று யாராவது எழுதினால் அதற்கும் கத்திரிதான். "நன்றி சொன்னா மோட்டார் ஓடுமா?" என்று கேட்பார்.

போன வருடம் நாட்டாமை ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். தளத்தின் சாவி, அதாவது அதை நிர்வகிக்கும் பாஸ்வேர்ட், ஒருத்தர் கையில் இருக்கக் கூடாது, ஐந்து பேர் கொண்ட குழுவிடம் போக வேண்டும் என்று. தளமே ரெண்டுபட்டது. வாரக்கணக்கில் வாய்ச்சண்டை. கடைசியில் ஓட்டெடுப்பில் தீர்மானம் ஜெயித்தது; அவர் ஐந்தில் ஒருவராகிப் போனார். பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது அவளுக்கு. ஃபோன் போட்டு, "நீ நல்லா இருப்பியா?" என்று அவனைக் கிழி கிழியென்று கிழித்தாள். பக்கத்தில் படுத்திருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த மனுஷனை அழவைத்துவிட்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"அம்மா, உள்ள விடும்மா. தெருவே பார்க்குது" என்றாள் மகள்.

நாட்டாமை வாடகை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அந்தத் தீர்மானத்தை எழுதினதே அண்ணன்தான், அண்ணி."

"கதை விடாத."

"டாக்டர் அவர் இதயத்தைப் பத்திச் சொன்ன வாரம் கூப்பிட்டார். 'சாவி என்கிட்டயே இருந்தா, நான் போறப்போ தளமும் போயிடும்டா. நான் கேட்டா எல்லாரும் அழுது தடுத்துடுவாங்க. நீ கேளு, உன்னைத்தான் எவனுக்கும் பிடிக்காதே'ன்னார். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னார். தெரிஞ்சா தூங்க மாட்டீங்களாம்."

"நான் ஃபோன்ல அப்படித் திட்டினேனே?"

"அன்னிக்கே மெசேஜ் போட்டாரே. 'எப்படி இருந்துச்சு? நான் கல்யாணமான நாள்லேருந்து வாங்கறேன்'னு."

அந்தத் தோள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அழவில்லை மனுஷன். சிரித்திருக்கிறார்.

"அடப்பாவி மனுஷா" என்றாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்த் திட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு வாயே திறக்கலியேப்பா. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?"

"சொல்லாதீங்க. மோட்டார் ஓடாது."

அவள் சிரித்துவிட்டாள். அவன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தான்.

"ஒரு சிக்கல், அண்ணி. அண்ணன் போன சேதியைத் தளத்துல போட்டதுலேருந்து எல்லாரும் நன்றி எழுதிக் குவிக்கிறாங்க. விதிப்படி தூக்கணும். கை வரலை, நானே ஒரு 'சரி' போட்டுட்டேன். இன்னொண்ணு வேணும். குழுவுல அவர் இடத்தை உங்களுக்குக் கொடுக்கலாம்னு ஓட்டுக்கு விட்டேன். ஒருத்தர்கூட எதிர்க்கலை. நான் சொல்லி எதிர்ப்பு வராதது இதுதான் முதல் தடவை."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள்.

'மூன்று பிள்ளைகளின் துணியைக் கையால் துவைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியபடி அடைப்பை எடுத்தேன். நீங்கள் யாரென்று தெரியாது. மெஷின் ஓடுகிறது. நன்றி.'

"ஓடுதாமே" என்றாள் அவள், யாரிடமோ. 'சரி'யை அழுத்தினாள்.

"தம்பிக்கு டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்ததைத் திறந்தாள்.