செத்த கம்பி

டீ குடித்துவிட்டு மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குத் திரும்பியவளுக்குத் தன் பேஸ் கிட்டாரைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. நாலு கம்பியும் புத்தம்புதிதாகப் பளபளத்தன.

"நான்தான் மாத்தினேன். சத்தமே செத்துக் கிடந்துச்சு," என்றார் அக்கா புருஷன். குழுவில் லீட் கிட்டார் அவர்தான். கச்சேரிக்குக் கச்சேரி கம்பி மாற்றுகிற ஆள். அதையே அவளுடைய கிட்டாருக்கும் செய்துவிட்டு, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு நின்றார்.

அவள் ஒரு கம்பியை மீட்டினாள். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தாற்போல் கணகணத்தது. பழைய கம்பிகள் அப்படியல்ல. வருஷக்கணக்கில் அவள் வியர்வை ஊறி ஊறி, மினுக்கெல்லாம் போய், அடிவயிற்றில் இறங்குகிற ஒரு 'தும்' மட்டுமே மிஞ்சியிருந்த கம்பிகள் அவை. அந்தத் 'தும்'முக்காகத்தான் அவள் அவற்றை மாற்றவேயில்லை.

மூலையிலிருந்த குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். சுருட்டிப் போட்டிருந்த கம்பிகளைப் பொறுக்கிக்கொண்டு, ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, புதுசைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"விளையாடுறியா? ஜனம் வந்து உக்காந்தாச்சு."

"உக்காந்திருக்கட்டும் மாமா. முதல் பாட்டை நான்தான் ஆரம்பிக்கணும்."

"உங்க அக்காகிட்ட சொல்றேன் பாரு."

"சொல்லுங்க. அங்க உங்க பேச்சு எடுபட்டா சரி."

அறையிலிருந்த டிரம்மர் சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் பல்லைக் கடித்தார். "பேஸ்ல பழசென்ன, புதுசென்ன? எவன் காதுல விழப்போகுது?"

அவள் மூன்றாவது கம்பியை முறுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"யார் காதுலயும் விழாதுன்னா, எதுக்கு மாமா மாத்தினீங்க?"