ஹெஸ்டரின் நடு அடுக்கு

"நாலால ஏன் பெருக்குற? அதை மட்டும் சொல்லு" என்று ஹெஸ்டர் மறுபடியும் குரலை உயர்த்தியபோது, கீழே கம்பளக் கடையில் பெரில் கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். வாடிக்கையாளர் யாரும் இல்லை, இருந்திருந்தாலும் வைத்திருப்பாள். பிரிஸ்டலில் எங்கள் தெருவில், மாடிக் கம்ப்யூட்டர் கம்பெனியின் சண்டைகள் பலகைத் தரை வழியாக முதலில் அவளுக்குத்தான் வந்து சேரும்.

மாடியில், கேள்விக்கு உரிய மெர்வின் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை கரைந்து நெடுநேரமாகியிருந்தது.

கிறிஸ்துமஸுக்குள் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் கடைக்கு வரவேண்டும். அதன் இயங்குதளத்தை மூன்று அடுக்காகப் பிரித்திருந்தார்கள். எந்த வேலைக்கு எப்போது முறை என்று பங்கிடும் அடி அடுக்கு மெர்வினுடையது. திரையில் சன்னல்களைத் திறக்கும் மேல் அடுக்கு முதலாளி பாஸ்கோவின் செல்லப்பிள்ளை. நடுவில் கோப்புகளை வட்டில் வைத்து எடுத்துத் தருவது ஹெஸ்டருடையது. ஓர் அடுக்கு அடுத்ததிடம் கேட்டு வாங்கலாம், உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. அவளே போட்ட விதி. மெர்வினோடு நிச்சயமான பிறகும் அவன் எழுதியதை அவள் திறந்ததில்லை. கட்டிக்கொள்ளப்போகிறவனை இவ்வளவு குறைவாக விசாரித்த பெண் எங்கள் தெருவில் வேறு யாருமில்லை.

அன்று காலை அவளுடைய அடுக்கை ஓட்டியதும் திரை உறைந்துபோனது. காரணம் தேடி விதியை மீறினாள். அடி அடுக்கில், வரும் நினைவக முகவரிகளையெல்லாம் நாலால் பெருக்கும் வரிகள் புதிதாக முளைத்திருந்தன. அவர்கள் இருவரும் நினைவகத்தை ஒவ்வொரு கட்டமாகத்தான் எண்ணினார்கள். நாலு நாலாக எண்ணுவது வேறொன்று: பல்கலைக்கழகத்தில் பெரிய இயந்திரத்துக்காக எழுதப்பட்ட பழைய கோப்பு அடுக்கு. மாணவியாக அதோடு மல்லாடியவள் அவள்.

"என்னுதுக்குப் பதிலா அதை வாங்கிட்டாரா பாஸ்கோ?"

"போன மாசமே."

"உனக்குத் தெரியும்."

"ஒட்டவச்சதே நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"கீழ நடக்கிறது மேல தெரியவேண்டாம்னு நீதானே சொன்ன?"

பெரிலுக்குக் கணக்கு புரியவில்லை. அந்தப் பதில் நன்றாகவே புரிந்தது.

சத்தம் கேட்டு பாஸ்கோ வந்தார். ஒழுங்கு போதவில்லை என்று தன் அடுக்கைத் தானே இடித்து இடித்துக் கட்டி நாளைக் கடத்தியவள் அவள்தான் என்றார். அதுவும் பொய்யில்லை. இந்த மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டாள். வட்டுகள் நகலெடுக்கப் போய்விட்டன என்றார். இந்த ஒட்டு இந்தக் கம்ப்யூட்டர் சாகும்வரை அதை இழுத்தடிக்கும் என்றாள். அதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

"அசிங்கம்தான்மா. ஆனா ஓடுது. உன்னுது அழகாத்தான் இருக்கு, ஓடாம நிக்குது."

ஹெஸ்டர் மெர்வினைப் பார்த்தாள். பழைய அடி அடுக்கை ஒரு நாளுக்காவது திருப்பிப் போட்டால் தன்னுடையதை ஓட்டிக் காட்டலாம் என்று மெதுவாகக் கேட்டாள். அவன் கோப்பையைக் கழுவப் போனான். அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். குடை வேண்டுமா என்று பெரில் கேட்டாள். இன்னும் ஏதாவது தெரியவருமா என்று பார்க்கத்தான். ஹெஸ்டர் நனைந்தபடியே தெருமுனை திரும்பினாள்.

கம்ப்யூட்டர் கிறிஸ்துமஸுக்கு வந்தது, சுமாராக விற்றது. கோப்பு வர நேரமாகிறது என்று வாங்கியவர்கள் அந்த ஒட்டுப்போட்ட நடு அடுக்கைத்தான் திட்டினார்கள். கம்பெனி அதிக காலம் நிற்கவில்லை. பாஸ்கோ போர்ச்சுகலுக்குக் குடிபோனார். மெர்வின் பெரிலின் தங்கையைக் கட்டிக்கொண்டு ஸ்விண்டனில் இருக்கிறான். வீட்டில் பேச்சு குறைவு என்று பெரிலே சொல்கிறாள். ஹெஸ்டர் அபர்டீனுக்குப் போனாள். கல்யாணம் ஆனதாக யாரும் சொல்லவில்லை.